குக்ரியும் கொச்சியின் சோனாரும்

1971 டிசம்பர் 9 இரவு, டையூ அருகே அரபிக்கடலில் ஐ.என்.எஸ். குக்ரியைப் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி டார்பிடோவால் மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட 194 பேர் மாண்டனர். நீர்மூழ்கியைத் தேடிச் சென்ற கப்பலே அதற்கு இரையானது. இதற்குத் தளபதிகளின் முடிவுகளை மட்டும் காரணமாக்குவது போதாது. கடலின் இயல்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒலி வெப்பநீரில் விரைந்தும் குளிர்நீரில் மெதுவாகவும் செல்லும். வேகம் குறைந்த பக்கமாகவே வளையும். மேற்பரப்பு சூடேறிய வெப்பமண்டலக் கடலில், கப்பல் அனுப்பும் சோனார் ஒலி கீழ்நோக்கி வளைவதால், அது எட்டாத நிழற்பகுதி உருவாகிறது. ஆழத்தைத் தேர்ந்துகொள்ளும் நீர்மூழ்கிக்கு அது மறைவிடம். குக்ரியோ பிரிட்டனில் கட்டப்பட்ட கப்பல். அதன் சோனாரும் அந்நாட்டு வடிவமைப்பே.

போருக்குப் பின் இச்சிக்கலை ஆராய்ந்தவர்களுள் ஒருவர், பொள்ளாச்சியில் பிறந்த கடற்படை அதிகாரி ஆரோக்கியசாமி பால்ராஜ். அவர் தலைமையில் கொச்சியிலுள்ள கடற்படை இயற்பியல், கடலியல் ஆய்வகத்தில் 'அப்சோ' சோனார் உருவாயிற்று. 1980களின் தொடக்கத்தில் அது ஐ.என்.எஸ். ஹிம்கிரியில் பொருத்தப்பட்டது. கப்பலை விலைக்கு வாங்கலாம். தன் கடலைப் பற்றிய அறிவை ஒரு நாடு தானே ஈட்டியாக வேண்டும் என்பதை உணர்த்த 194 உயிர்கள் தேவைப்பட்டன.