மிளகாய் நம்முடையதான கதை



தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியும், அவனிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையாரும் மிளகாயைக் கண்டவர்கள் அல்லர். இன்றோ, அந்தத் தகடூராகிய தருமபுரியில் மிளகாய் இல்லாத அடுப்படியைக் காண்பது அரிது. கேழ்வரகுக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் துவையலுக்கும் கீரைக் கடைசலுக்கும் அதுவே உயிர். கடல் கடந்து வந்த இவ்விருந்தாளி வீட்டுக்குரியவனாக ஆனது எவ்வாறு என்பதையே இன்று தங்களோடு ஆராய விரும்புகிறேன்.

பண்டைத் தமிழர்க்குக் காரம் தந்தது மிளகு. 'கறி' என்பது அதன் பழம்பெயர். காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பொருள்களுள் மிளகு மூட்டைகளையும் வைத்துப் பாடுகிறது பட்டினப்பாலை. மிளகாயின் தாயகமோ அமெரிக்கக் கண்டம். நறுமணப் பொருள்களை நாடி மேற்கே சென்ற கொலம்பஸ், 1493 ஜனவரியில் தம் நாட்குறிப்பில், 'அத்தீவினரின் மிளகு' என்றே இதனைக் குறித்தார். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினார். அடுத்த நூற்றாண்டில் போர்ச்சுகீசியரின் கப்பல் வாணிகத்தோடு மிளகாய் நம் மேற்குக் கரையை அடைந்து, அங்கிருந்து உள்நாட்டில் பரவியது.

அது புதிது என்பதற்குப் பெயரே சான்று. மிளகைப் போன்ற காய் மிளகாய். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் எங்கள் மாவட்டத்தில் இதனை எளிதாக உணரலாம். கன்னடத்தில் மெணசு என்றால் மிளகு. மெணசினகாயி என்றால் மிளகாய். தெலுங்கில் மிரியம் மிளகு, மிரபகாய மிளகாய். மூன்று மொழியினரும் புதியவனைப் பழையவன் பெயராலேயே அழைத்தனர். இன்றும் பல குடும்பங்களில் திவசச் சமையலுக்கு மிளகாய் ஆகாது, மிளகுதான் வேண்டும். நூல்கள் மறந்ததை அடுப்படி மறக்கவில்லை!

மிளகின் இடத்தை இது பிடித்த காரணம் யாது? மிளகுக் கொடிக்கு மலைநாட்டின் நிழலும் பெருமழையும் வேண்டும். ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் எங்கள் மேட்டுக் கொல்லைகளில் அது வளராது. ஆகவே ஏழைக் குடியானவன் காரத்தை விலை கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. மிளகாயோ, நாற்றுவிட்டு நாற்பது நாளில் பிடுங்கி நட்டால், பாத்திரம் கழுவிய நீரிலேயே புழக்கடையில் காய்த்துவிடுகிறது. மலைநாட்டுச் சரக்காக இருந்த காரம் ஏழை வீட்டின் சொந்த விளைவாயிற்று. இதனை ஓர் அமைதியான புரட்சி என்றே நான் கருதுகிறேன்.

விளைந்ததைக் காக்கும் கலையும் உடன் வளர்ந்தது. என் பாட்டியார் செடியிலேயே நன்கு சிவந்த பழங்களைப் பறித்து, ஓரிரு நாள் நிழலில் குவித்து வைப்பார். நிறம் ஒன்றுபோல் ஏறும். பின்னர்ப் பாயில் பரப்பிக் கிளறிவிட்டுக் காய வைப்பார்; பனி படாமல் மாலையில் மூடுவார். குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும் என்பதே அவர் அளவுகோல். ஈரம் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுக்குக் குறைய வேண்டும் என்று வேளாண் நூலார் கூறுவதும் அதைத்தான். ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். அதில் நஞ்சும் உண்டாகும். பச்சைக் காயைக் கீறி, உப்பிட்ட புளித்த மோரில் இரவில் ஊற வைத்துப் பகலில் உலர்த்தினால் மோர் மிளகாய். மோர் வற்றும்வரை இதனை நாள்தோறும் செய்வார்கள்.

இவை யாவற்றினும் மேலானது விதைக் கலயம். நோயற்ற செடியில் பருத்த பழத்தைத் தேர்ந்து, அதன் விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி, அடுத்த பட்டத்திற்கு வைப்பார் பாட்டியார். இப்படி ஊர்தோறும் வீடுதோறும் தேர்ந்து வந்ததால் அன்றோ சம்பா, குண்டு, ஊசி எனப் பல வகைகள் நமக்குக் கிட்டின? 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் குண்டு மிளகாயும் அத்தகைய உழைப்பின் பயனே.

இன்று வீரிய ஒட்டு விதைகள் மிகுந்த விளைச்சல் தருகின்றன. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் பழத்திலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போலவே வருவதில்லை. ஆண்டுதோறும் கடையை நாட வேண்டும். ஒரு காலத்தில் மிளகுக்காகக் கையேந்திய நாம், மிளகாயால் பெற்ற விடுதலையை விதைக்காக மீண்டும் இழக்கலாமா?

எனவே, புழக்கடை உள்ளவர்கள் நாட்டு மிளகாய் நான்கு செடியேனும் வையுங்கள். வேறு வகையை அருகில் நடாதீர்கள். தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும். முதல் தரமான பழத்தைக் குழம்புக்கு அனுப்பாமல் விதைக்கு நிறுத்துங்கள். நானூறு ஆண்டுகளாக நம் பெண்மக்கள் காத்த செல்வம் அந்தச் சிறு கலயத்துள் இருக்கிறது.