குடிக்கூலியும் முன்பணமும்

வீட்டில் குடியிருத்தற்குக் கொடுக்கும் பணத்தைக் 'குடிக்கூலி' என்பது பழைய வழக்கு. 'வாடகை' வடமொழிவழி வந்ததெனச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி கொள்ளும். பொங்கலூரைச் சூழ்ந்த கொங்குச் சிற்றூர்களில் இவ்விரு சொற்கும் முன்பு மிகுந்த வேலை இருந்திராது என்றே கருதுகின்றோம். உழவர் தம் தோட்டத்துச் சாளையில் வாழ்ந்தனர். பண்ணையாளுக்கு இருப்பிடம் வேலையோடு கிடைத்தது. வேலை போயின் அதுவும் போயிற்று. அதுவும் ஒருவகைக் குடிக்கூலியே. காசாக எண்ணப்படவில்லை, அவ்வளவுதான்.

1925-ஆம் ஆண்டையொட்டித் திருப்பூரில் கால்கொண்ட பின்னலாடைத் தொழில், 1970-களின் பிற்பகுதி முதல் ஏற்றுமதியால் பெருகிற்று. வெளியூர்த் தொழிலாளர் வந்து குவியவே, சுற்றூர்களிலும் 'லைன் வீடுகள்' எழுந்தன. ஒரே கூரையின்கீழ் வரிசையாய் அறைகளும், எல்லார்க்கும் பொதுவான கழிப்பிடமும் அமைந்தவை அவை.

இனிச் சட்டத்தை நோக்குவோம். சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு 1941-இல் போர்க்கால ஆணையாகத் தோன்றியது. 1946, 1949-ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழியே 1960-ஆம் ஆண்டின் 18-ஆம் சட்டமாக நிலைபெற்றது. அது சென்னைக்கும் நகராட்சிகளுக்கும் உரியதாயிருந்தது; பிற இடங்கட்கு அரசின் தனி அறிவிக்கை வேண்டியிருந்தது. எனவே அன்று நகராட்சியாயிருந்த திருப்பூரில் குடியிருந்தார்க்கு நியாய வாடகை கேட்கும் உரிமை இருந்தது. பொங்கலூர் போன்ற ஊராட்சிகளில் அவ்வுரிமை தானே வந்து சேரவில்லை. தொழில் எல்லை கடந்து பரவியபோதும் சட்டம் உடன் செல்லவில்லை.

எனினும் செலவின் வரலாறு வாடகையினும் முன்பணத்திலேதான் தெளிவாகத் தெரிகின்றது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பதைத் தடுத்தது. 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டமோ, நியாய வாடகையை நீக்கி எழுத்து ஒப்பந்தத்தையே அளவாக்கியது; குடியிருப்புக்கு மூன்று மாத முன்பணம் வரை இடந்தந்தது. வழக்கில் அதனினும் மிகுதியாக வாங்கினர். ஆதலின் இது குறைப்பே என்பாரும் உளர். நாம் உடன்படோம். முதல் மாத வாடகையைக் கூட்டினால், வீடு புகச் சட்டம் இசைந்த பேரளவு இரண்டு மாதத் தொகையிலிருந்து நான்காயிற்று. சனிக்கிழமைதோறும் வாரக்கூலி பெறும் தையல்காரர் இத்தொகையை ஒருங்கே திரட்டுவது கடனாலன்றி அரிது. வீடு காலி செய்யும்போது வெள்ளையடிப்புக்கென ஒரு பகுதி கழிக்கப்படுவதும் உண்டு. வாய்ச்சொல்லால் குடிபுகுந்தவர் அக்கழிவை மறுக்க எதனைக் காட்டுவார்?