பாலிடால் என்றொரு சொல்

ஜெயமங்கலத்துக்காரர்களுக்குப் பூண்டு வாசனை புதிதில்லை. பக்கத்திலேயே வடுகபட்டி, மலைப்பூண்டு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் சந்தை. ஆனால் காற்றில் வருவது சந்தைப் பூண்டா, வயலில் அடித்த மருந்தா என்று என் அம்மாச்சி திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவாள். பாரத்தியான் என்ற நஞ்சுக்குப் பூண்டு நெடி உண்டு என்று நான் புத்தகத்தில் படித்தது வெகுகாலம் கழித்து. அவளுக்கு அதன் பெயர் பாலிடால்.

ஃபாலிடால் என்பது பேயர் நிறுவனம் பாரத்தியானுக்கு வைத்த வணிகப் பெயர். அதை 1940களில் உருவாக்கிய கெர்ஹார்ட் ஷ்ராடர்தான், அதற்கு முன் பூச்சிக்கொல்லி தேடப் போய் 1936இல் டாபுனையும் 1938இல் சாரினையும் கண்டுபிடித்தவர். இரண்டும் போருக்கான நச்சுகளாயின. பாரத்தியானும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். நரம்பு அனுப்பும் செய்தியை உரிய நேரத்தில் முடித்துவைக்கும் நொதி ஒன்று நம் உடம்பில் இருக்கிறது: கோலினெஸ்டரேஸ். இந்த நஞ்சு அதைக் கட்டிப்போடுகிறது. செய்தி ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். கண்மணி சுருங்கும், வாயில் நீர் ஊறும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டும். புழுவுக்கும் மனுஷிக்கும் இதில் பேதம் கிடையாது. வாய் வழியாகத்தான் போகவேண்டும் என்றும் இல்லை, தோல் போதும். இதைத்தான் எங்கள் ஊரில் ‘மருந்து’ என்றார்கள். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, கத்தரிக்கு அடிப்பதும் மருந்து.

இந்தியாவில் பூச்சிமருந்துக்கு ஒரு சட்டம் வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது வயலில் இல்லை. 1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏற்றிவந்த வழியில் ஃபாலிடால் கசிந்து கோதுமை மாவில் கலந்திருந்தது. மாவைப் பிசைந்த கைகள் யாருடையவை என்று சொல்லவேண்டியதில்லை. விசாரணை ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் நீதிபதி ஜே.சி. ஷா, பின்னாளில் நெருக்கடிநிலை அத்துமீறல்களை விசாரித்த அதே ஷா. பத்தாண்டு கழித்து 1968இல் பூச்சிக்கொல்லிகள் சட்டம் வந்தது. 1971இல் விதிகள் வந்தன.

அந்த விதிகளை வரிவரியாகப் படித்திருக்கிறேன். நல்ல விதிகள்தான். கொடிய நஞ்சென்றால் லேபிளில் சிவப்பு முக்கோணம், மண்டையோடு. அடுத்தடுத்த தரங்களுக்கு மஞ்சள், நீலம், பச்சை. மருந்தைக் கையாளுகிறவருக்குக் கையுறை, காலணி, மூச்சுக்கவசம், மருத்துவப் பரிசோதனை. காலி டப்பாவை மறுபடி எடுத்துப் புழங்காதபடி உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்கவேண்டும்.

இவற்றைப் படிக்கும்போது விதி எழுதியவர்களின் மனக்கண்ணில் நின்ற ஆள் எனக்குத் தெரிகிறார். பேன்ட் சட்டை போட்டவர், படிக்கத் தெரிந்தவர், முதுகில் தெளிப்பான் மாட்டியிருப்பவர். அவருக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து கொடுத்தவள் அங்கே இல்லை. மருந்தடித்த ஈரம் காயுமுன் களையெடுக்க இறங்கியவள் இல்லை. மருந்தடித்தவரின் உடுப்பைத் தனியாகத் துவைக்கச் சொல்கிறது துண்டறிக்கை. யார் துவைப்பது? வராக நதிக் கல்லில் வெறுங்கையால் கும்மித் துவைத்தவளுக்கு எந்த விதியிலும் கையுறை கிடையாது. தோல் வழியே போகும் நஞ்சு என்று தெரிந்தே எழுதப்பட்ட விதிகள் இவை என்பதுதான் என் கோபம்.

அம்மாச்சியின் உள்ளங்கை எப்போதும் வெடித்தே கிடக்கும். ‘சவக்காரம் சேரல’ என்பாள்.

ஃபாலிடால் எங்கள் பக்கத்தில் வேறொரு வாழ்வும் வாழ்ந்தது. எந்த நிறுவனத்து மருந்தானாலும் சாவென்று வந்தால் அது பாலிடால். செய்தித்தாளில் அதற்கொரு நிரந்தர வாசகம்: தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டுவந்த பெண். இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு மட்டும் ஏன் இத்தனை வயிற்றுவலி என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அடித்தவன் பெயர், வட்டிக்குக் கொடுத்தவன் பெயர், நகை கேட்டவர்கள் பெயர் எல்லாம் அந்த வயிற்றுவலிக்குள் போய் ஒளிந்துகொண்டன. ‘பொம்பளைக்கு மனசு எளசு’ என்று துக்க வீட்டு வாசலிலேயே தீர்ப்பும் எழுதிவிடுவார்கள்.

மனதின் இளக்கம் அவ்வளவு பெரிய காரணமா என்று பார்க்க இலங்கைக்குப் போகலாம். அங்கே 1980களிலேயே பாரத்தியானை நிறுத்தினார்கள். 1995இல் மோனோகுரோட்டோபாஸ் போன்ற மிகக் கொடியவை போயின, 1998இல் எண்டோசல்பான். 1995இலிருந்து பத்தாண்டுகளில் நாட்டின் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதியில் போர் ஓயவில்லை, குடும்பங்களில் அடியும் ஏச்சும் ஓயவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நஞ்சின் வீரியம் மட்டும் குறைந்தது. ஒரு கொடும்பொழுதைக் கடந்துவிட்டவர்களில் பலர் பிறகு வாழ்ந்தார்கள்.

நாம் மெதுவாக வந்தோம். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக்கூடாது என்று 2005இல் சொன்னோம். மற்றப் பயிர்களுக்குத் தொடர்ந்தது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் இருந்தது அதே மோனோகுரோட்டோபாஸ். எண்ணெயின் வாடை சரியில்லை என்று சமைத்த பெண் சொன்னதாகவும், அவள் பேச்சு எடுபடவில்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன. 1958இல் மாவு, 2013இல் எண்ணெய். இரண்டுக்கும் நடுவே 42 வயதான விதிகள். மூக்கால் கண்டுபிடித்தவளை நம்பியிருந்தால் சிவப்பு முக்கோணம்கூடத் தேவைப்பட்டிருக்காது. அதன்பிறகும் பத்தாண்டு போயிற்று, 2023இல் மத்திய அரசு அதற்குத் தடை ஆணை பிறப்பிக்க. ஃபாலிடாலின் மிச்சமான மீத்தைல் பாரத்தியானுக்கு 2018இல்தான் முடிவு வந்தது.

என் வகுப்பில் கம்பம் பக்கத்து மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவள் அம்மா விடிவதற்குமுன் ஜீப்பேறி கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போய் இருட்டியபின் வருகிறவர். ‘அம்மா சேலையை நான்தான் மேடம் துவைப்பேன், பாவம் அலுத்து வரும்’ என்றாள் ஒருநாள். அவள் கைகளைப் பார்த்தேன். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாள் தேனிக்குப் போய் ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கி வந்து கொடுத்தேன். அடுத்த வாரம் கேட்டால், அம்மா அதை வாங்கித் தன் தூக்குவாளிப் பையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டதாம்.