தொலைந்துபோன அசல்

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் கொல்கத்தா வந்தால் காளிகாட், ஹவுரா பாலம், இந்தியன் மியூசியம் என்று ஒரு சுற்று காட்டிவிடுவோம். மியூசியத்தில் எகிப்து மம்மியைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும். கல், தாது, புதைபடிவக் கூடங்கள் பக்கம் யாரும் போவதில்லை. போன மாதம் தனியாகப் போய் அங்கேயே ஒரு மதியம் இருந்தேன். 1851-ல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் உள்ள கூடங்கள் அவை. அந்தத் துறையின் பழைய கதை ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

தக்கர்களை ஒடுக்கியவர் என்று நாம் பள்ளியில் படித்த ஸ்லீமன், 1828-ல் ஜபல்பூரில் ஒரு குன்றில் சில எலும்புகளைக் கண்டெடுத்தார். அப்போது 'டைனோசர்' என்ற சொல்லே கிடையாது. ரிச்சர்ட் ஓவன் அந்தப் பெயரை வைத்தது 1842-ல்தான். இரண்டு வால் எலும்புகள் கைமாறி, கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப்பிடம் வந்து சேர்ந்தன. ஆம், அசோகரின் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டிய அதே பிரின்செப்! 1877-ல் லைடெக்கர் அந்த விலங்குக்கு 'டைட்டனோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயர் சூட்டினார். உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகள் அடங்கிய டைட்டனோசார் கூட்டத்துக்கே பெயர் வந்தது இதிலிருந்துதான்.

பிறகு எலும்புகளைக் காணோம்!

வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புரியும். கடன் கணக்கு இருக்கிறது, பத்திரத்தின் நகல் இருக்கிறது, அசல் இல்லை. ஆராய்ச்சியாளர்களும் பல காலம் படங்களையும் அச்சு வார்ப்புகளையும் வைத்தே வேலை செய்தார்கள். இந்த எலும்புகளை மட்டும் வைத்துத் தனி இனம் என்று சொல்ல முடியாது என்று 2003-ல் ஒரு முடிவும் வந்தது. அப்போதும் அசல் கையில் இல்லை.

2012-ல் பழைய டைனோசர் எலும்புகளைத் தேடிச் சரிபார்க்கும் பணி நடந்தபோது, அந்த இரண்டில் ஒன்று கிடைத்தது. எங்கே தெரியுமா? கல்கத்தாவிலேயே, அதே துறையின் சேகரிப்பில்தான். திருடும் போகவில்லை, லண்டனுக்கும் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அந்தக் கூடங்களில் ஒவ்வொரு கல்லின் பக்கத்திலும் ஒரு சீட்டு இருக்கிறது. இதுவரை கல்லைப் பார்த்துவிட்டுச் சீட்டைத் தாண்டிப் போவேன். எந்த ஊரில், யார் எடுத்தது என்ற அந்த ஒரு வரி போய்விட்டால் அது வெறும் கல். அடுத்த முறை பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது, மம்மிக்கு முன்னால் இந்தக் கூடங்களுக்குப் போங்கள். சீட்டைப் படிக்கச் சொல்லுங்கள்.