கல்லை விட்டவர்கள், ஈயத்தைச் சுமப்பவர்கள்



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்கிறார். "ஐயா, முதுகில் கட்டும் காற்றுப்பையை விங் என்கிறார்கள். 13 கிலோ தூக்குவதும் உண்டு, 27 கிலோ தூக்குவதும் உண்டு. பெரியதுதானே பாதுகாப்பு?" என்று போனில் கேட்டார். கடலே இல்லாத பீங்கான் ஊர்க்காரனிடம் இப்படியொரு கேள்வி! ஆனால் விடை நம் முத்துக்குளிப்பிலேயே இருக்கிறது.

ராபர்ட் பெர்சிவல் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1803-இல் வெளியிட்ட இலங்கை நூலில் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பை விவரித்திருக்கிறார். படகில் தண்டல் தவிர 20 பேர்; பத்துப்பேர் துடுப்பு போட, பத்துப்பேர் குளிப்பார்கள். ஒரு தடவைக்கு ஐவர் இறங்குவதால் படகுக்கு ஐந்து கல். கல்லின் கயிற்றை வலக்கால் விரல்களால் பற்றிக்கொண்டு இறங்குவார்கள். அடியைத் தொட்டதும் காலை விட்டால் போதும், கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். இறங்கத்தான் பாரம், ஏறும்போது பாரமில்லை. காற்றுப்பைக்கு அங்கே என்ன வேலை?

1943-இல் பிரான்சில் கூஸ்தோவும் கான்யானும் மூச்சுக்கருவியைச் செய்த பிறகு கதை மாறியது. குளிருக்குப் போடும் ரப்பர் உடை மிதக்கும்; அதை அமிழ்த்த இடுப்பில் ஈயம். ஆழத்தில் உடை நசுங்கி மிதப்பை இழக்கும், ஈயமோ குறையாது. அந்தப் பாரத்தை ஈடுகட்டத்தான் காற்றுப்பை. பிரான்சின் பென்சி காற்று அங்கி 1961-இல் வந்தது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்ததும் அதே 1961-இல்தான்! முதுகில் கட்டும் பை 1970-களில் வந்தது.

இனி கணக்கு. ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும். வழக்கமான அலுமினிய சிலிண்டரில் உள்ள காற்றின் எடை சுமார் 2.5 கிலோ, மூச்சுவிட விட அது தீர்ந்துபோவதால், தொடக்கத்தில் அவ்வளவு கூடுதல் பாரம். நம் கடலுக்குப் போதுமான மெல்லிய உடை நசுங்கி இழப்பது இரண்டு மூன்று கிலோ. மொத்தம் ஐந்தாறு கிலோதான். மேலே வந்து தலையை நீருக்கு வெளியே வைத்திருக்கவும் சேர்த்து 13 கிலோ தாராளம். 27 கிலோ பை இரட்டைச் சிலிண்டர்காரர்களுக்கு.

பெரிய பையில் கொஞ்சம் காற்று அங்குமிங்கும் உருளும், வெளியேற்றுவதும் சிரமம். பத்து மீட்டர் ஆழத்தில் உள்ள ஒரு லிட்டர் காற்று மேலே வரும்போது இரண்டு லிட்டராகும். சிறிய பை தன் கொள்ளளவுக்கு மேல் பிடிக்காது. பெரிய பையோ விரிந்துகொண்டே போய் ஆளை விருட்டென்று மேலே தூக்கும். மூச்சை அடக்கியபடி அப்படி ஏறினால் நுரையீரல் கிழியும், உயிருக்கே ஆபத்து.

பெரிய பை கேட்பவர்களில் பலர் தேவைக்கு மேல் ஈயம் கட்டுபவர்கள் என்பது என் எண்ணம். முதலில் ஈயத்தைக் குறைக்க வேண்டும். சிலிண்டர் ஏறக்குறையக் காலியான நிலையில், பையில் காற்றில்லாமல், சாதாரணமாக மூச்சைப் பிடித்து அசையாமல் நின்றால் நீர்மட்டம் கண்ணளவுக்கு வர வேண்டும். அதற்குமேல் கட்டும் ஒவ்வொரு கிலோ ஈயத்துக்கும் ஆழத்தில் ஒரு லிட்டர் காற்றை ஊத வேண்டிவரும்.