கட்டணம் நீங்கியது, செலவு நீங்கவில்லை

எமது சங்கம் தோன்றிய நாட்களில் இலங்கைக்கெனப் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கவில்லை. கொழும்பில் 1921 இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, லண்டன் பட்டப் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னின்று நடைமுறைப்படுத்திய இலவசக் கல்வி, பல்கலைக்கழகம் வரைக்கும் கட்டணத்தை நீக்கியது.

ஆனால் செலவு நீங்கவில்லை. 1952 இல் பல்கலைக்கழகம் பேராதனைக்குச் சென்றது. யாழ்ப்பாணத்தில் வளாகம் அமைந்தது 1974 இல்தான். வீட்டைவிட்டுத் தொலைவில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு விடுதி, சாப்பாடு, பஸ் கட்டணம், புத்தகம் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். அது இல்லாத வீடுகளில், கிடைத்த அனுமதியும் பயனற்றுப் போகக்கூடும்.

இந்தக் குறையைப் போக்கவே, லலித் அத்துலத்முதலியின் முயற்சியால், 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மகாபொல நம்பிக்கை நிதியம் நிறுவப்பட்டது. வர்த்தகக் கண்காட்சிகளும் லொத்தர் சீட்டும் ஈட்டிய பணம், வசதி குறைந்த மாணவருக்கு மாதாந்தப் புலமைப்பரிசிலாயிற்று.

பாலம் கட்டினால் அடுத்த ஆண்டே அதில் நடக்கலாம். புலமைப்பரிசிலின் பலன் அப்படியன்று. பட்டத்துக்கு மூன்று நான்கு ஆண்டுகள், மருத்துவத்துக்கு இன்னும் கூட. ஆனால் அவ்வாறு படித்து வரும் ஓர் ஆசிரியை முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நிற்பாள். அவளிடம் படித்தவர்களின் பிள்ளைகளும் அவளிடமே படிப்பார்கள். நொந்த நாடொன்று நிமிர்வது இப்படித்தான்.

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் தவணைகளை இடைநிறுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம்; ஓராண்டுக்குள் சாப்பாட்டுச் செலவு ஏறக்குறைய இரட்டித்தது. மகாபொலத் தொகையோ 5,000 ரூபாவிலேயே நின்றது. 2025 இல்தான் 7,500 ரூபாவாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளின் பாரத்தை மாணவரும் பெற்றோருமே சுமந்தனர்.

இன்று அரச பல்கலைக்கழகங்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். எம் பாடசாலைப் பிள்ளைகளும் அவர்களுள் இருக்கிறார்கள். உலகெங்கும் வாழும் சகோதரிகளிடம் நாம் கேட்பது ஒன்றே. பரிசளிப்பு விழாவில் ஒருமுறை கொடுக்கும் பெருந்தொகையிலும், பட்டம் பெறும் நாள்வரை மாதந்தவறாது வரும் சிறுதொகையே ஒரு பிள்ளையைக் கரைசேர்க்கும். முதலாம் வருடத்தில் கைகொடுத்து மூன்றாம் வருடத்தில் விட்டுவிடாதிருப்போம். நூற்றாண்டு காணும் சங்கத்துக்கு நான்கு ஆண்டுகள் நீண்ட காலமல்ல.