மதகில் கிடந்த கல்லும் வேலியோரத்துப் பனையும்

சென்ற தவணையில் உயர்தர வகுப்பிலே குறுந்தொகை படிப்பித்துக்கொண்டிருந்தேன். நன்னன் கதை வந்தது. அவனுடைய காவல்மரம் ஒரு மா. அதிலிருந்து விழுந்து ஆற்றிலே மிதந்து வந்த காயொன்றை, நீராடப் போன பெண்ணொருத்தி எடுத்து உண்டுவிட்டாள். எண்பத்தொரு யானைகளும், அவள் நிறைக்கு நிறை பொன்னாற் செய்த பாவையும் தருகிறோம் என்று அவள் வீட்டார் மன்றாடினர். நன்னன் இணங்கவில்லை, அவளைக் கொன்றான். பிற்பாடு கோசர் சூழ்ச்சியால் அந்த மாவை வெட்டி வீழ்த்தினர் என்பது வரலாறு.

கதையைச் சொல்லி முடித்ததும் மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், எங்கட வளவிலை நிக்கிற பனையைத் தறிக்கக் கந்தோரிலை போய்க் கேக்க வேணுமாம். அதுவும் நன்னன்ரை சட்டம் தானே?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கான விடையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மாணவன் குறிப்பிட்டது 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டம். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றும் இச்சட்டத்தின் காவலில் வந்தன. நிலம் நம்முடையது, வேலி நம்முடையது, ஆயினும் அனுமதிப்பத்திரம் இன்றி இவற்றின் அடியிற் கோடரி வைத்தல் ஆகாது. ஏன் இந்த மூன்று மரங்கள்? இவை மூன்றும் சோறு இல்லாத காலத்தில் சோறு போட்டவை. தெற்கிலே ஆதர் வி. டயஸ் என்ற பெரியவர் ஊரூராகப் பலாக் கன்று நடுவித்து, 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என்றே பெயர் பெற்றார். வடக்கிலே அந்த இடத்தில் பனை நின்றது. பனங்காய், பனாட்டு, ஒடியல், புழுக்கொடியல் என்று ஏழை வீட்டு அடுப்பை அணையவிடாமற் காத்தது பெண்பனைதான். ஆகவே அச்சட்டம் காத்தது அரசனின் பெருமையை அன்று, குடிமகனின் வயிற்றை. நன்னனின் மாவுக்கும் நம் பனைக்கும் உள்ள முதல் வேறுபாடு இது.

சட்டத்தின் கண்ணுக்குத் தப்புவதும் உண்டு. வடலிப் பருவத்திலே ஆண் எது, பெண் எது என்று எவராலும் சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்து, பாளை வந்த பின்னரே தெரியும். காணி துப்புரவாக்கவென்று வடலிக்குத் தீ வைக்கும்போது எத்தனை பெண்பனைகள் எரிந்தன என்று யார் எண்ணுவது? போர்க் காலத்திலோ சட்டமே வாய்மூடி நின்றது. பங்கர் அமைக்கவென்று தறித்த பனைகளுக்கும், செல் விழுந்து தலையிழந்து நின்ற பனைகளுக்கும் அனுமதிப்பத்திரம் எவரும் கேட்கவில்லை.

மரத்தின் கதை இது. மனையின் கதைக்குக் காலிக்குப் போகவேண்டும்.

1911ஆம் ஆண்டு காலி நகரிலே மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்த ஒரு கற்பலகையைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். அதிலே சீனம், தமிழ், பாரசீகம் என்ற மும்மொழிகளில் எழுத்துகள் இருந்தன. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொண்டுவந்த கல் அது. 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனப் பகுதி புத்தரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும், தமிழ்ப் பகுதி தேவந்துறைத் தென்னாவர நாயனாரையும் போற்றுகின்றது. மூவருக்கும் ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி என்று ஒரே அளவான காணிக்கைகள். இத்தகைய கல்லின் மேலே எத்தனை தலைமுறை வண்டில்கள் ஓடினவோ! அதை மதகில் வைத்தவன் தீயவன் அல்லன். அவனுக்கு ஒரு தட்டைக் கல் தேவைப்பட்டது; இது கிடைத்தது. கேட்பதற்கு ஒரு விதி இல்லாத இடத்தில் வரலாறு இப்படித்தான் கழிவுநீருக்கு மூடியாகிறது. அக்கல் இன்று கொழும்பு நூதனசாலையிலே பாதுகாக்கப்படுகிறது.

காலிக் கோட்டை 1588 அளவில் போர்த்துக்கேயர் தொடங்கி, 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றி விரித்துக் கட்டியது. 1988இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்தபோது வெளியே நகரம் அழிய, மதிலுக்கு உள்ளிருந்த தெருக்கள் பெரும்பாலும் தப்பின. அங்கு சென்றவர்கள் அறிவர்: அது வெறுங்கோட்டை அன்று, மக்கள் வாழும் ஊர். தெருவை நோக்கிய விறாந்தை, ஓட்டுக் கூரை, நடுவே வானம் பார்த்த முற்றம். நம்முடைய நாற்சார் வீட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லத் தோன்றும். அந்த வீடுகளில் கைவைப்பதென்றால் தொல்பொருள் திணைக்களம், நகர அபிவிருத்தி அதிகார சபை, மாநகர சபை, 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த காலி மரபுரிமை மன்றம் என்று பல வாசல்கள் ஏறி இறங்க வேண்டும். அதனாலேதான் தெருவின் முகம் மாறாமல் நிற்கிறது.

ஆனால் இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். விதி வீட்டின் முகத்தைக் காத்தது. வீட்டில் இருந்தவரை எல்லாம் காக்கவில்லை. பழைய முறையிற் பழுதுபார்க்கப் பணம் வேண்டும். பணம் இல்லாத குடும்பங்கள் பல, நல்ல விலை வந்தபோது வீட்டை விற்று மதிலுக்கு வெளியே போயின. அவற்றிற் சில விடுதிகளாயின, சில கடைகளாயின. வீட்டைக் காக்கும் விதி, வீட்டாருக்குக் கை கொடுக்காவிட்டால் அங்கே நன்னனின் நிழல் விழுகிறது. மாணவன் கேள்வியில் இருந்த உண்மை இதுவே.

இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

அப்பு 1927இல் கட்டிய நாற்சார் வீடு எங்களுடையது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் பூட்டிவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது ஒரு பக்கக் கூரை இல்லை. தகரம் போட்டு இருந்தோம். 2011இல் கனடாவிலிருந்து தம்பி காசு அனுப்பினான். "அண்ணை, இடிச்சுப்போட்டு மேல்மாடியோடை கட்டுவம்" என்றான். மேற்கு மூலையிலே நின்ற பனையையும் எடுத்தால்தான் வாகனம் உள்ளே வரும் என்றார் மேசன்.

பனை பெண்பனை. கந்தோருக்குப் போனேன். அலுவலர் வந்து பார்த்தார். வீட்டின் மேல் சாயும் மரமும் அன்று, பட்ட மரமும் அன்று. படலையைப் பத்தடி தள்ளி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம். படலையைத் தள்ளி வைத்தோம்.

வீட்டுக்கு எவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் புராதன சின்னத்துக்கு வரம்பாக வைத்த நாள் 1815 மார்ச் 2, கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள். பின்வந்த திருத்தம் நூறாண்டு கடந்த கட்டடங்களையும் வர்த்தமானியில் அறிவித்துக் காக்க வழிசெய்தது. எங்கள் வீட்டுக்கு வயது எண்பத்து நான்கு. இரண்டு வேலிக்கும் வெளியே நின்றது. மூன்று நாளில் இடித்துவிட்டார்கள். வேப்பமரத் தூண்களையும் செதுக்கு வேலைக் கதவையும் கொழும்பிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் ஏற்றிக்கொண்டு போனார். அம்மா அன்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. முற்றம் இருந்த இடத்தைக் காலால் அளந்து பார்த்துவிட்டு, குசினிக்குள் போய்விட்டா.

மதகில் கல்லை வைத்தவனைப் பற்றிச் சற்று முன்னே பேசினேன் அல்லவா? அவனுக்கும் எனக்கும் வேறுபாடு என்ன? அவனுக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்கு வாசிக்கத் தெரியும். நான் தமிழாசிரியன்.

மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான். "தம்பி, கந்தோரிலே போய் நிற்பது மரத்துக்குப் பயந்து அல்ல. எங்கள் அவசரத்தை இன்னொரு மனிதர் ஒருமுறை பார்க்கட்டும் என்பதற்காக. அந்த மனிதர் எங்கள் கஷ்டத்தையும் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் நீ நன்னன் கதையை அவருக்குச் சொல். ஆனால் ஒருவரும் பார்க்காமலே இடித்துவிடுவதற்கு நான் சாட்சி."

இப்போது என்னால் ஆவது ஒன்றே. ஊரில் எவராவது பழைய வீடு இடிக்கப் போகிறார் என்று அறிந்தால், மாணவர் இருவரை அழைத்துக்கொண்டு போய்த் தூண், கதவு, முற்றம் எல்லாவற்றையும் அளந்து, வரைந்து, படம் எடுத்து வைக்கிறோம். நேயர்களே, உங்கள் ஊரிலும் இதைச் செய்யலாம். அதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. வீட்டுக்காரரின் சம்மதம் போதும்.

பனை நிற்கிறது. ஆவணி மாதத்து இரவுகளில் பழம் விழும் சத்தம் கேட்டதும் அம்மா ரோச் லைற்றோடு எழும்பிப் போவா. பழத்தைக் கொண்டுவந்து புதுவீட்டு வாசலில் வைப்பா. அந்த மணம் வந்ததும், இல்லாத நாற்சார் முற்றம் ஒரு கணம் என் கண்ணில் வந்து போகும்.